சமதரையில் கிளம்பாத வண்டி

எங்கள் ஷெட்டில் எந்த வண்டியும் மேட்டைப் பார்த்து நிற்காது. ஜவ்வாது மலையில் வண்டி வைத்திருக்கும் யாரும் அப்படி நிறுத்துவதில்லை. மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருக்க வேண்டும். காலையில் கல்லைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தால் வண்டி தானாக உருளும். வேகம் பிடித்ததும் கியரைப் போட்டால் எஞ்சின் இருமிக்கொண்டே எழுந்துவிடும். பனியில் ஊறிய பழைய எஞ்சினை உதைத்து உதைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ள இங்கே யாருக்கும் பைத்தியமில்லை. சரிவு இருக்கிறது. அது போதும்.

அது போதாத இடம் ஒன்று உண்டு என்பது, கீழே ஆர்.டி.ஓ. சோதனைத் திடலில் வண்டியை இறக்கி வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் மூன்று பேர். ஷெட்டுக்குச் சொந்தக்காரன் வெல்டர். ஒடுகத்தூரில் பிறந்து, மலைமேல் கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தவன். பழைய வண்டிகளின் மேல் ஆசை வந்து அதிலேயே விழுந்துவிட்டான். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். சொந்த ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கம். மூன்றாமவர் மலைக்காரர். சாமையும் புளியும் வைத்திருப்பவர். வயதில் எங்களுக்குச் சற்று மூத்தவர் என்பதால் வெல்டர் அவரை மாமா என்பான். நான் அண்ணன் என்பேன். அவர்கள் இருவருக்கும் நான் எப்போதும் 'சாரு', அதாவது சார்.

ஷெட்டில் என் வேலை கழற்றுவதும் வரிசைப்படுத்துவதும். ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் மாத்திரைக் கவரில் போட்டு, மேலே எழுதி வைப்பேன்: 'இடது மூடி, கீழ், முன்பக்கம்.' அவை நான் கடையில் வாங்கிய கவர்கள், அரசாங்கத்துடையவை அல்ல. கவரின் மேல் காலை, மதியம், இரவு என்று அச்சிட்டிருக்கும். வெல்டருக்கு அது தீராத வேடிக்கை.

"சாரு, இந்த நட்டு சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"உனக்கு வெறும் வயித்துல."

கேலி செய்வானே தவிர, அவனும் என் கவரைத் தேடித்தான் வருவான். தரையில் கொட்டி வைக்கும் ஷெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பூட்டி முடித்த பிறகு கையில் இரண்டு போல்ட் மிஞ்சும். மெக்கானிக் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'கம்பெனியில அதிகமா வெச்சிருக்கான்' என்பார்.

அரசு உத்தியோகத்தில் இருக்கிறவருக்கு நகத்தில் கரி எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் என் கைகள் சுத்தமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவை யாருடையவை என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

நாங்கள் வண்டிகளைப் பளபளப்பாக்குகிறவர்கள் இல்லை. ஆளுக்குத் தக்கபடி வண்டியை மாற்றுகிறவர்கள். குள்ளமான ஓர் ஆசிரியைக்காக ஒரு பழைய வண்டியின் சீட்டை இறக்கி, பின் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினோம். தேன் விற்கிறவருக்குக் கேன்கள் ஆடாமல் நிற்கும் கேரியர் ஒட்டினோம். எஞ்சின் அதே எஞ்சின், சட்டம் அதே சட்டம். மாற வேண்டியது மனிதர் இல்லை, வண்டிதான் என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

அண்ணனுடைய வண்டி இரட்டைச் சைலன்சர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக். அவருடைய அப்பா அடிவாரத்து அரிசி மண்டிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அண்ணனின் வீடு தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பாறைக்கும் ஓடைக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் அந்த வண்டி போகும். அந்தப் பக்கத்துக் குடிசைகளில் யாருக்காவது காய்ச்சலோ, பாம்புக்கடியோ, பிரசவ வலியோ என்றால் அண்ணனின் பின் சீட்டில்தான் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே அப்படித்தான். வாசலில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால் நர்ஸ் கையுறை மாட்டத் தொடங்கிவிடுவார்.

ஒரு புளிப் பருவத்தில் மூட்டை ஏற்றிய டெம்போ வளைவில் சாய்ந்தது. அண்ணன் மேலே உட்கார்ந்திருந்தார். உயிர் தப்பியது. இடது கணுக்கால் நொறுங்கியது. எலும்பு கூடியது, மூட்டு மட்டும் மரக்கட்டைபோல இறுகிவிட்டது. கோலூன்றி நடக்கலாம், நிற்கலாம். பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடியாது. அந்த வண்டியில் கியர் இடது காலில். கிக் அடிப்பதும் அதே லீவரில்: கியர் லீவரை உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் அதுதான் கிக்கர். ஆக, ஒரு கணுக்கால் போனதில் இரண்டும் போயின.

அதன் பிறகு அவரைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு யோசனையோடு வந்தார்கள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். நல்ல வண்டிதான், எத்தனையோ பேருக்கு அது கால். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"ஒத்தையடிப் பாதையில மூணு சக்கரம் எப்பிடிங்க போவும்? ஒண்ணு பாறை மேல ஏறும், ஒண்ணு ஓடையில எறங்கும்."

"அப்போ பாதை வரைக்கும் வண்டியில வந்து, அப்பால நடந்து போறது."

"நடக்க முடியலன்னுதானே வண்டி?"

கார் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்க்கிறவர். ஷெட்டில் அண்ணனின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, டேங்கைத் தடவி, இதை எங்கள் வீட்டு ஹாலில் நிறுத்திக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அண்ணன் கோலை ஊன்றியபடி கேட்டார். "ஹால்ல நின்னு அது இன்னா பண்ணும் சார்? டிவி பாக்குமா?"

அவர் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று போனார். வெல்டர் முதுகுப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினான். அன்றைக்குத்தான் அண்ணன் எங்களிடம் தீர்மானமாகச் சொன்னார்.

"இந்த வண்டிய நானே ஓட்டணும். என் வூட்டாண்டயிருந்து நானே கெளம்பணும். அத செய்ய முடியும்னா சொல்லுங்க. முடியாதுன்னா சொம்மா ஆறுதல் சொல்லாதீங்க."

"முடியும் மாமா" என்றான் வெல்டர். எப்படி என்று அப்போது அவனுக்கும் தெரியாது.

அந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. கியர் லீவரை அழுத்தினாலே கிளட்ச் தானாக விலகும். கையில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம். அப்படியென்றால் லீவரைக் காலால்தான் அழுத்த வேண்டும் என்று என்ன கட்டாயம்? முதலில் கேபிள் வைத்துப் பார்த்தோம். இழுக்கும், தள்ளாது. பிறகு வெல்டர் லீவரோடு ஒரு கம்பியை ஒட்டி, அதை டேங்கின் இடது பக்கமாக மேலே கொண்டுவந்தான். நுனியில் அண்ணன் தாமே செதுக்கிய புளியங்கட்டைப் பிடி. முன்னால் தள்ளினால் ஒரு கியர், பின்னால் இழுத்தால் அடுத்தது. முதல் கம்பி முழங்காலில் இடித்தது. இரண்டாவது மழைக்கோட்டில் மாட்டியது. மூன்றாவது சரியாக வந்தது; அதன் வளைவை நான் ஓர் அட்டையில் வரைந்து ஷெட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

கம்பி ஒட்டியதில் ஒன்று போனது. லீவரை இனி மேலே திருப்ப முடியாது. கம்பி சட்டத்தில் தட்டும். கிக்கர் இல்லை. மூவரும் அதைப் பார்த்தோம். மூவரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம்: நமக்கு எதுக்கு கிக்கர்?

முதல் ஓட்டத்துக்கு அண்ணனின் மனைவியும் வந்திருந்தார். கல்லைத் தள்ளியதும் வண்டி சரிவில் உருண்டது, பிடியை இழுத்தார், எஞ்சின் எழுந்தது. சாலையில் போய்த் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்காமல், அந்த அம்மா கம்பியைத்தான் பார்த்தார்.

"ஒரு கைய எடுத்துட்டு ஒரு கையில ஓட்டுவியா? பின்னாடி புள்ளத்தாச்சி குந்தியிருந்தா?"

"நீ குந்து. தெரியும்."

"நான் புள்ளத்தாச்சியா?"

"புளி மூட்ட மாதிரி கீற. அது போதும்."

தலையில் அடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஏரி வரை போய்விட்டு வந்து இறங்கியதும் எங்களிடம் சொன்னார்: "வளைவுக்கு முன்னாடியே கியர மாத்திடுது மனுசன். உளுந்த காலுக்கு மூளை வந்துடுச்சி."

இனி முறைப்படி பதிய வேண்டும். மாற்றிய வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, இந்த மனிதர் இந்த வண்டியை ஓட்டலாம் என்று எழுதி வாங்க வேண்டும். மலைமேல் யார் பிடிக்கப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"ஒளிஞ்சி ஓட்ட நான் இன்னா திருட்டு வண்டியா வெச்சிருக்கேன்?"

புளி டெம்போவில் வண்டியை ஏற்றிக் கீழே கொண்டுபோனோம். பிரேக், விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாவற்றையும் முந்தின நாள் இரண்டு தடவை பார்த்திருந்தேன். பலகை வைத்து இறக்கினோம். ஆய்வாளர் ஒரு பெண்மணி. கம்பியைக் கவனமாகப் பார்த்தார், பிடியை அசைத்தார், தானாக விலகும் கிளட்சைச் சொன்னதும் குனிந்து பார்த்து, "நல்லா யோசிச்சிருக்கீங்க" என்றார். பிறகு சொன்னார்:

"ஸ்டார்ட் பண்ணுங்க."

அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். புளி உலர்த்தும் களம்போல, நாலாப் பக்கமும் மட்டமான தரை. எங்கள் ஷெட்டின் வாசல் சரிவு. அண்ணனின் வீட்டு முற்றம் சரிவு. ஏரிக்கரை சரிவு. அந்த வண்டியைச் சமதரையில் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"தள்ளணும் மேடம்" என்றான் வெல்டர்.

"யாரு தள்ளுவாங்க?"

"நாங்கதான்."

"நீங்க இல்லாதப்போ?"

அது நியாயமான கேள்வி. அதனால்தான் அத்தனை வலித்தது. வழியில் சமதரையில் வண்டி அணைந்தால், பின்னால் நோயாளியை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்வார்? அவர் தனியாகக் கிளப்பிக் காட்டினால் பார்க்கிறேன், இல்லையென்றால் பக்கச் சக்கரம் வைத்த வண்டி கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அடுத்த வண்டிக்குப் போனார்.

வேலி ஓரம் நின்றிருந்த லைசென்ஸ் புரோக்கர் ஒருவருக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா பெரியவரே, மலையையும் கூடவே ஏத்திக்கினு வந்திருக்கலாமே!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அடுத்த தபா நீ இங்கயே இரு. எங்கயும் போயிடாத."

வண்டியை மறுபடி டெம்போவில் ஏற்றினோம். ஷெட்டுக்கு வந்ததும் பேச்சு சண்டையாகவே தொடங்கியது. கம்பியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து, வலது காலால் கிக் அடிக்கலாம் என்றான் வெல்டர். செய்து பார்த்தோம். வண்டிக்கு இடப்பக்கம் நின்று வலது காலை ஓங்கினால் உடம்பு முழுவதும் இடது கணுக்காலில் இறங்குகிறது. இரண்டாவது உதையில் அண்ணன் சரிந்தார். நான் பிடித்ததால் விழவில்லை. பட்டன் ஸ்டார்ட் வைத்தால் என்ன என்றேன். அதற்கு அந்த எஞ்சினில் இடமே இல்லை. கீழே ஒருவரிடம் போனில் கேட்டதில், வேறு எஞ்சின் மாட்டித் தருகிறேன் என்றார்.

"எஞ்சின மாத்தினா அது இன்னொருத்தன் வண்டி" என்றார் அண்ணன்.

"அப்போ இன்னாதான் மாமா பண்ணச் சொல்ற?"

அண்ணன் தரையில் உட்கார்ந்து, நடு ஸ்டாண்டில் நின்றிருந்த வண்டியின் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு வெல்டரைக் கேட்டார்.

"தள்ளி விடும்போது எஞ்சின எது எழுப்புது?"

"சக்கரம். சக்கரம் சுத்தினா செயின் சுத்தும், செயின் சுத்தினா எஞ்சின்."

"அதுக்கு வண்டி போவணுமா? சக்கரம் சுத்தினா போதுமில்ல?"

கியரில் போட்டு, சாவியைத் திருப்பி, அண்ணன் டயரை இரு கையாலும் பிடித்து ஓங்கி இழுத்தார். எஞ்சின் ஒருமுறை செருமியது. மறுபடி இழுத்தார். பற்றிக்கொண்டது. ஸ்டாண்டில் நின்றபடி பின்சக்கரம் சுழல, ஷெட் முழுவதும் நீலப் புகை. வெல்டர் கத்தினான்; என்ன கத்தினான் என்று சத்தத்தில் கேட்கவில்லை.

நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆரக்கம்பியில் விரல் மாட்டியவர்களுக்குக் கட்டுப்போடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். கையால் டயரைத் தொடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். காலைக் காப்பாற்றப் போய்க் கையைக் கொடுப்பதா? மூவருக்கும் வாக்குவாதம் முற்றியபோது, மூட்டை கட்டும் பட்டை ஒன்று அண்ணன் கண்ணில் பட்டது. பழைய பம்புசெட் எஞ்சினைக் கயிறு சுற்றி இழுப்பதில்லையா, அதுபோலத்தான். பட்டையை டயரின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தள்ளி உட்கார்ந்து இழுத்தால், சக்கரம் சுழலும். பட்டை உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். விரல் எங்கும் போகாது. வெல்டர் ஸ்டாண்டின் கால்களை அகலமாக்கி, அடியில் தகடு ஒட்டினான், இழுக்கும்போது வண்டி சாயக் கூடாதென்று. எஞ்சின் எழுந்ததும் கம்பியால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஏறி உட்கார்ந்து, வலது காலை ஊன்றி முன்னால் உந்தினால் ஸ்டாண்டிலிருந்து வண்டி இறங்கும். இதை எல்லாம் இந்த முறை சரிவில் பழகவில்லை. பள்ளிக்கூட மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், மட்டமான இடமாகத் தேடிப் பழகினோம். மலைமேல் அப்படி ஓர் இடம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பந்து விளையாட வந்தவர்கள் கோல் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மறுபடியும் டெம்போ, மறுபடியும் அதே திடல். புரோக்கர் இருந்தார். அண்ணன் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

ஆய்வாளர் எங்களைத் தூரப் போய் நிற்கச் சொன்னார். அதுவும் நியாயம். வேலியோரம் நின்றோம். அண்ணன் கோலை வண்டியில் செருகினார், தரையில் உட்கார்ந்தார், பட்டையைச் சுற்றினார், இழுத்தார். எஞ்சின் எழவில்லை. மறுபடி சுற்றும்போது பட்டை வழுக்கியது.

"தேர் இழுக்கிறாருடா!" என்றார் புரோக்கர். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெல்டர் ஓர் அடி முன்னால் வைத்தான்; நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். உதவிக்குப் போனாலும் அடிக்கப் போனாலும் எல்லாம் கெட்டுவிடும்.

அண்ணன் அவசரப்படவில்லை. உள்ளங்கையை மண்ணில் தேய்த்து ஈரத்தைப் போக்கினார். பட்டையை மடிப்பில்லாமல் நீவிச் சுற்றினார். இழுத்தார். இரண்டு சைலன்சரும் சேர்ந்து வெடித்தன. வேலிக்குப் பக்கத்தில் நின்ற மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. அண்ணன் எழுந்து, கம்பியைத் தட்டி, ஏறி, உந்தி, திடலில் வண்டியை விட்டார். எட்டுப் போட்டார். காலை ஊன்றாமல் போட்டார். நடுவில் ஆய்வாளர் நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, மறுபடி கிளப்பச் சொன்னார். மறுபடி இறங்கினார், உட்கார்ந்தார், சுற்றினார், இழுத்தார். இந்த முறை முதல் இழுப்பிலேயே எழுந்தது.

ஆய்வாளர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஒவ்வொரு தடவையும் தரையில உக்காந்து எழுந்திருக்கணும். மூணு சக்கரம்னா பட்டன்தானே. இது உங்களுக்குக் கஷ்டமில்லையா?"

"கஷ்டந்தான் மேடம்" என்றார் அண்ணன். "ஆனா இது என் வூட்டு வாசல் வரைக்கும் வருது."

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

டெம்போக்காரர் பலகையை எடுத்து வைத்தார். அண்ணன் பலகையைப் பார்க்கவேயில்லை. வண்டியைத் திருப்பி, வேலியோரம் மெதுவாகப் போய், புரோக்கருக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டுப் போனார். புகை விலகியபோது புரோக்கர் இருமிக்கொண்டிருந்தார். அது தேவையில்லாத வேலை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது.

மலை ஏறும்போது நானும் வெல்டரும் வெறும் டெம்போவில் அவருக்குப் பின்னால் வந்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவருடைய இடது கை இறங்கி ஏறுவது தெரிந்தது. வழிவிடச் சொல்லி எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் விடவில்லை.

ஷெட்டு வாசலுக்கு நாங்கள் வந்து இறங்கியபோது அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நின்றிருந்தார். முன்சக்கரத்துக்கு வைக்கும் கல் ஓரமாகக் கிடந்தது. வண்டி மேட்டைப் பார்த்து நின்றது.

"இன்னாய்யா இது, மூஞ்சி மேல கீது? நாளைக்கி எப்பிடி எடுப்ப?"

அண்ணன் பட்டையை நாலாக மடித்துச் சீட்டுக்கு அடியில் செருகினார்.

"எப்பிடி வேணா எடுப்பேன்."